ஒரு பாயளவு இடத்தில் உடற்பயிற்சி

உடம்பை ஓம்புதல் அறிவை ஓம்புதற்குத் துணையாம் என்பது எம்மவர்க்குப் புதிய செய்தியன்று. திருமூலர் தமது திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தை யோகத்திற்கென்றே வகுத்தார். ஆயினும், இன்று 'உடற்பயிற்சி' என்ற சொல்லைக் கேட்டவுடன் எம் மாணவர் கண்முன் தோன்றுவன யாவை? கண்ணாடி பதித்த கூடம், இரும்புக் குண்டுகள், விலையுயர்ந்த சப்பாத்து, டப்பாவில் அடைத்த புரதமா ஆகியனவே. பசறையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் பதுளைக்கு வந்து பயிலும் தோட்டத்து மாணவனுக்குப் பஸ் கட்டணமே பெருஞ்சுமை. கூடத்துக் கட்டணத்திற்கு அவன் எங்கே போவான்? இவை தனக்கு எட்டா எனக் கண்டதும் பயிற்சியையே கைவிட்டு விடுகின்றான். அவன் பொருட்டும் அவன் தங்கையின் பொருட்டும் சில கூறுவாம்.

ஆங்கிலேயர் காலத்து லயங்களில் ஒரு குடும்பத்திற்கு வாய்த்தது ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான ஒரு காம்பராவும், முன்னே ஓர் இஸ்தோப்புமே. அவற்றில் இன்றும் வாழ்வோர் பலர். அடுப்பும் கட்டிலும் புத்தகப் பையும் அதற்குள்ளேயே. (இஸ்தோப்பு ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். நிகண்டுகளில் அதனைத் தேடுதல் வீண். அதன் அருமையை மலைநாட்டவர் அறிவர்.) அங்கே ஒரு பாய் விரிக்க 6 அடிக்கு 3 அடி இடம் கிடைக்குமாயின் நாம் வேண்டுவதும் அவ்வளவே.

இஃது ஏழைக்கென்று கூறும் ஆறுதல் மொழியன்று. 1950களில் கனடா நாட்டு வான்படைக்கு இதே இடர்ப்பாடு நேர்ந்தது. தொலைவிலிருந்த தளங்களிற் பணிபுரிந்தோர்க்குப் பயிற்சிக் கூடம் இல்லை. அவர்கட்கெனப் பில் ஓர்பன் என்பார் ஐந்தே பயிற்சிகளை வகுத்தார். கருவி யாதும் வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 11 நிமிடம் போதும். எளிய படியில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கடினமான படிக்கு ஏறுதலே அம்முறையின் உயிர்நிலை. வானோடிக்குப் போதியது லயத்து மாணவனுக்குப் போதாதோ?

முதற்கண் தோப்புக்கரணத்தைக் கொள்வோம். 'தோர்பிகர்ணம்' என்னும் வடமொழித் தொடரின் திரிபு அஃதென்பர். பிள்ளையார் முன்னிலையில் வழிபாடாக விளங்கிய இதனை வகுப்பறையில் தண்டனையாக்கியவர் ஆசிரியராகிய நம்மவரே. தண்டனையாகக் கற்ற ஒன்றைப் பிள்ளை வீட்டில் விரும்பிச் செய்யுமோ? அவ்வழக்கத்தை அடியோடு ஒழித்தல் வேண்டும் என்பது எம் துணிபு. குதிகால் நிலத்தை விட்டு எழாமல், முழங்கால் உட்புறம் சாயாமல், மெல்ல அமர்ந்து மெல்ல எழுக. 10 முறை செய்து, சற்று இளைப்பாறி, மீண்டும் 10 முறை செய்க. தொடைக்கும் இடுப்புக்கும் இதனினும் மலிவான பயிற்சி வேறில்லை.

அடுத்தது தண்டால். இதனை முதல் நாளே நிலத்தில் செய்ய முயன்று, மூன்றாவதில் முதுகு தொய்ந்து, 'எனக்கு வராது' என்று எழுந்துவிடுவோரே பலர். நிலத்திற் செய்யும்போது உடலின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைக் கைகள் தாங்குகின்றன. முழங்காலை ஊன்றிக்கொண்டால் அது பாதியளவாகின்றது. கைகளை உயரத்தில் வைக்குந்தோறும் சுமை இன்னும் குறையும். ஆதலின் முதலிற் சுவரிலும், பின்னர் இஸ்தோப்பின் விளிம்பிலும், அதன்பின் முழங்காலூன்றி நிலத்திலும், இறுதியாக முழுமையாகவும் செய்க. ஒரு படியில் 15 முறை தளராது செய்ய இயன்ற பின்னரே அடுத்த படிக்குச் செல்லலாம். 1910ல் இலண்டன் சென்று புகழ்பெற்ற மல்லர் காமா ஆயிரக்கணக்கில் தண்டால் எடுத்தவர் என்பர். அவ்வெண்ணிக்கை மல்லர்க்கே உரியது, மாணவர்க்கு வேண்டாம்.

தள்ளும் தசைக்குத் தண்டால் போல, இழுக்கும் தசைக்கும் வேலை வேண்டும். இங்கே தண்ணீர்க் கேன் கைகொடுக்கும். 1 லீற்றர் நீரின் நிறை 1 கிலோ. எனவே 5 லீற்றர்க் கேன் கடையில் வாங்காத 5 கிலோக் குண்டேயாகும். இடுப்பை வளைத்து, முதுகை நேராக வைத்து, கேனை விலாவரை இழுத்து இறக்குக. நீரைக் கூட்டியும் குறைத்தும் சுமையை வேண்டியவாறு அமைக்கலாம். பீலிக்கரையிலிருந்து நீர் சுமப்போர் இரு கைகளிலும் ஒத்த அளவு சுமந்தால் முதுகெலும்பு ஒருபுறம் சாயாது.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடலை இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் என்புக்கும் வலுவூட்ட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020ல் கூறியது. தேயிலை மலையின் ஏற்றத்தில் விரைந்து நடந்து பாடசாலை செல்பவன் அதிற் பெரும்பகுதியை வழியிலேயே ஈட்டிவிடுகின்றான். அவனுக்கு எஞ்சுவது வலுப் பயிற்சி 15 நிமிடமே. வானிற் போய் வானில் வருபவனுக்கு (வாகனத்தைக் கூறினோம், ஆகாயத்தையன்று) அவ்வாய்ப்பு இல்லை. அவன் இஸ்தோப்புப் படியிலேறி இறங்குதலைப் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்க.

காலம் இடம் பற்றியும் ஒரு சொல். விறகடுப்பு எரியும் வேளையில் காம்பராவினுள் பயிற்சி கூடாது. விரைந்து மூச்செடுக்கும்போது புகையும் மிகுதியாக உட்செல்லும். பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரைவரை எட்டுவதில்லை. விடியற்காலையில் துள்ளிக் குதித்தால் அடுத்த வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். ஊவாவில் மழை மிகும் ஐப்பசி முதல் மார்கழி வரை குதிக்கும் பயிற்சியை விடுத்து, ஓசையின்றிச் செய்யத்தக்க இவற்றைக் கொள்க.

பெண்பிள்ளைகளுக்கு இடத்தினும் அரியது மறைவு. இஸ்தோப்பில் அயலார் பார்வை விழும். காம்பராவினுள்ளே தந்தையும் அண்ணனும் இருப்பர். நாளுக்கு 15 நிமிடம் ஆடவர் வெளியே சென்று நிற்றல் பெரிய தியாகமோ? மேற்கூறிய உலக அளவு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே.

இனி உணவு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாடளவில் ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு ஏறத்தாழ 17 பேர் வயதிற்கேற்ற உயரமின்றியிருந்தனர். தோட்டப்புறத்திலோ 32 பேர். இவ்வெண்ணை மறந்து பயிற்சி கற்பித்தல் தகாது. காலையில் வெறுந்தேநீர் மட்டும் குடித்து வந்த பிள்ளையைத் தண்டால் எடுக்கச் சொல்லுதல் கொடுமை. தசையை வளர்க்க டப்பா மா வேண்டா. அவித்த கௌபி, பயறு, கடலை, முட்டை, உண்பார்க்கு நெத்தலி ஆகியவற்றுள் ஒன்று நாள்தோறும் ரொட்டியுடன் சேருமாயின் நன்று. அதற்கும் வழியில்லாத வீட்டுப் பிள்ளை எண்ணிக்கையைக் கூட்டாது, நடையோடும் தோப்புக்கரணத்தோடும் நிறுத்திக்கொள்க. காய்ச்சல் கண்ட நாளில் எதுவும் வேண்டாம். நன்கு குணமான பின் பழைய எண்ணிக்கையிற் பாதியிலிருந்து தொடங்குக.