ஆசிரியர் கற்கும் வலையம்

'ஆசிரியர்' என்னும் சொல்லை ஆசு, இரியர் எனப் பிரித்து, குற்றம் நீக்குபவர் என்று பொருள் கூறுவது நம் தமிழாசிரியர்களின் வழக்கம். மாணவரிடத்துள்ள அறியாமையை ஆசிரியர் நீக்குகிறார். அங்ஙனமாயின், ஆசிரியரிடத்து எஞ்சி நிற்கும் ஐயங்களை நீக்குபவர் யார்? பட்டமும் பயிற்சியும் பெற்றுப் பணியில் அமர்ந்த நாளோடு அவருடைய கல்வி முற்றுப்பெற்று விடுகிறதா? ஆசிரியப் பயிற்சித் துறையில் நெடுங்காலம் பணியாற்றிய நாம் பலமுறை எண்ணிப் பார்த்த வினா இது. கைபேசி வழியாகவும் கணினி வழியாகவும் ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கின்ற இந்நாளில், இதற்கு விடை காண முயல்வது பயனுடையதாகும். நம் குடும்பங்கள் பலவற்றில் மகனோ, மகளோ, மருமகளோ ஆசிரியப் பணியில் உள்ளனர். ஆதலின் இக்கட்டுரை ஆசிரியர்க்கு மட்டுமன்றி அவர்தம் இல்லத்தார்க்கும் உரியது.

நன்னூல் காட்டும் அளவு

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், பாடம் கேட்கும் முறையைக் கூறுமிடத்து அரியதொரு கணக்கைத் தருகிறது. ஆசான் உரைத்ததைச் செம்மையாக உள்வாங்கிக் கொண்டவனும் புலமையில் கால் பங்கையே பெறுகிறான். உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் மற்றொரு கால் பங்கு கிட்டுகிறது. எஞ்சிய அரைப் பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைக்கும் போதுதான் நிரம்புகிறது. மாணவனுக்குக் கூறப்பட்ட இவ்விலக்கணம் ஆசிரியர்க்கும் பொருந்துவதே.

பயிற்சி வகுப்பில் அமர்ந்து கேட்பது முதற் கால் பங்கு. நம் கல்வித் துறை இதற்குப் பல ஏற்பாடுகளைச் செய்துள்ளது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின் பயனாக மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. பின்னர் வட்டார வள மையங்களும் குறுவள மையங்களும் அமைந்தன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுதோறும் குறைந்தது 50 மணி நேரம் பணித்திறன் வளர்ச்சியில் ஈடுபட வேண்டும் என்கிறது. இவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும் இரண்டாம் கால் பங்கும் எஞ்சிய அரைப் பங்கும் ஆசிரியர்க்கு எங்கே கிடைக்கின்றன? இதுவே நாம் ஆராய வேண்டியது.

ஆசிரியரின் தனிமை

அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி, பள்ளி ஆசிரியர்களைப் பற்றி 1975இல் வெளியிட்ட நூலில், பள்ளிக்கூடத்தை முட்டை அடுக்கும் தட்டிற்கு ஒப்பிட்டார். ஒவ்வொரு குழியிலும் ஒரு முட்டை தனித்திருப்பது போல, ஒவ்வொரு வகுப்பறையிலும் ஓர் ஆசிரியர் தனித்திருக்கிறார். அடுத்த அறையில் என்ன கற்பிக்கப்படுகிறது, எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதை அவர் காண்பதில்லை. மருத்துவர் மூத்த மருத்துவரின் அருகில் நின்று தொழில் கற்கிறார்; தச்சர் மற்றொரு தச்சரின் கைவண்ணத்தைக் கண்ணாற் காண்கிறார். ஆசிரியரோ முப்பதாண்டுப் பணியில் சக ஆசிரியரின் பாடவேளைகளை விரல்விட்டு எண்ணும் அளவிற்கே கண்டிருப்பார்.

ஈராசிரியர் பள்ளிகளில் இத்தனிமை இன்னும் மிகுதி. ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்து கொள்ளுமிடத்தில், ஒருவர் விடுப்பு எடுத்தால் மற்றவர்க்கு மூச்சுவிடவும் நேரமிராது. ஒரு குழந்தை ஒரே பிழையை மீண்டும் மீண்டும் செய்யும்போது யாரைக் கேட்பது? மாலையில் பேருந்தைப் பிடித்து வீடு திரும்பி, வீட்டுப் பணிகளில் ஈடுபடும் ஆசிரியையின் ஐயம், அவரோடு உறங்கிவிடுகிறது. மறுநாள் அக்குழந்தை அதே பிழையைச் செய்கிறது. 'இக்குழந்தைக்குக் கணக்கு வராது' என்னும் முடிவு மெல்ல உருவாகிறது. ஆசிரியரின் தனிமைக்கு விலை கொடுப்பது அக்குழந்தையே.

வலையம் என்பது யாது?

ஓர் ஆசிரியர் தம் தேவைக்கேற்பத் தாமே தேர்ந்துகொண்டு, இணையத்தின் வாயிலாகத் தொடர்ந்து கேட்டும், கொடுத்தும், விவாதித்தும் கற்கின்ற உறவுகளின் தொகுதியையே கற்றல் வலையம் என்கிறோம். பயிற்சி வகுப்பில் எதைக் கற்க வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். வலையத்தில் ஆசிரியரின் வினாவே பாடமாகிறது. பயிற்சி ஒரு நாளில் முடிகிறது. வலையமோ ஆண்டு முழுதும் உடன் வருகிறது.

இது புதிதாக முளைத்ததன்று. கலிபோர்னியாவிலுள்ள எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் என்னும் ஆய்வு நிறுவனம், 1997இல் 'டேப்டு இன்' என்னும் பெயரில் ஆசிரியர்கள் கூடும் இணையக் கட்டடம் ஒன்றை அமைத்தது. கணினித் திரையில் தோன்றும் அதன் அறைகளில் வெவ்வேறு ஊர்களின் ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் கூடி, எழுத்தின் மூலம் உரையாடினர். 2009இல் ட்விட்டர் தளத்தில் 'எட்சாட்' என்னும் உரையாடல் தொடங்கியது. செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு மணி நேரம், ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பல நாட்டு ஆசிரியர்கள் அதில் கருத்துரைத்தனர். நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில், மாநிலக் கல்வித் துறையும் பெங்களூரின் 'ஐடி ஃபார் சேஞ்ச்' நிறுவனமும் இணைந்து, 2011ஆம் ஆண்டளவில் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களைப் பாடவாரியாக மின்னஞ்சல் குழுக்களில் ஒன்றுசேர்த்தன. கணித ஆசிரியர் கணித ஆசிரியரிடம் கன்னடத்திலேயே ஐயம் கேட்க அவை வழிவகுத்தன. தாய்மொழியில் கேட்க முடிந்தால்தான் கூச்சமின்றிக் கேட்க முடியும் என்பதை இது உணர்த்துகிறது.

2017 செப்டம்பர் 5ஆம் நாள், ஆசிரியர் தினத்தன்று, மத்திய அரசின் 'தீக்ஷா' தளம் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டில் வெளிவந்த தமிழகத்தின் புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் இடம்பெற்றன. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைபேசியை விலக்கி வைத்திருந்த மூத்த ஆசிரியர்களும் வாட்ஸ்அப் குழுக்களில் சேர்ந்தனர். கருவி எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. கருவியால் கல்வி வளர்கிறதா என்பதே இனி எழும் வினா.

ஓர் எடுத்துக்காட்டு

நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர் 402இலிருந்து 178ஐக் கழிக்குமாறு கூறுகிறார் என்று கொள்வோம். சரியான விடை 224. ஒரு மாணவி 376 என எழுதுகிறாள். ஆசிரியை குழுவில், 'கழித்தல் கணக்கு கற்பிக்க நல்ல வழி கூறுங்கள்' என்று கேட்டால் என்ன கிடைக்கும்? பத்துக் காணொளிகளும் இருபது வணக்கக் குறிகளும் வந்து சேரும். அவற்றுள் எதுவும் அம்மாணவிக்கு உரியதாக இராது.

மாறாக, அவர் இவ்வாறு கேட்கலாம்: 'இம்மாணவி 402 – 178 = 376 என எழுதியுள்ளாள். ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறாள். பூச்சியம் இல்லாத எண்களில் கடன் வாங்கிக் கழிப்பதைப் பிழையின்றிச் செய்கிறாள். பத்தின் இடத்தில் பூச்சியம் வந்தால் தடுமாறுகிறாள். தீக்குச்சிக் கட்டுகளைக் கொண்டு விளக்கிப் பார்த்தேன், பயனில்லை. வேறு வழி அறிந்தவர் உண்டா?'

இவ்வினாவிற்கு உரிய விடைகள் வரும். ஒருவர் ரூபாய்த் தாள்களைப் பரிந்துரைப்பார். நான்கு நூறு ரூபாய்த் தாள்களுள் ஒன்றைப் பத்துப் பத்து ரூபாய்களாகவும், அவற்றுள் ஒன்றைப் பத்து ஒரு ரூபாய் நாணயங்களாகவும் மாற்றச் செய்தால், மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று என்று மாணவியே எண்ணிக் காண்பாள். மற்றொருவர் முன்னோக்கி எண்ணும் முறையைக் கூறுவார். 178இலிருந்து 180க்கு 2, அங்கிருந்து 200க்கு 20, அங்கிருந்து 400க்கு 200, பின்னும் 2. ஆகக் கூடுதல் 224. மூன்றாமவர், 'முதலில் உத்தேசமாக விடை கூறச் செய்யுங்கள். நானூறில் ஏறக்குறைய இருநூறு போனால் 376 மிஞ்சுமா என்று அவளே வியப்பாள்' என்பார்.

இங்கே நிறுத்திக்கொள்ளும் ஆசிரியை இரண்டாம் கால் பங்கைப் பெற்றவராவார். அவர் அவ்வழிகளுள் ஒன்றை வகுப்பில் செய்து பார்த்து, எத்தனை பேருக்கு விளங்கிற்று, யாருக்கு விளங்கவில்லை, எவ்விடத்தில் தடுமாறினர் என்று ஒரு வாரத்தில் குழுவிற்கு எழுதுவாராயின், எஞ்சிய அரைப் பங்கும் அவர்க்கு உரியதாகும். எழுதப் புகும்போதுதான் தாம் செய்ததன் காரணம் தமக்கே தெளிவாகிறது. அதே இடரில் உள்ள மற்றொரு ஊரின் ஆசிரியர்க்கு அக்குறிப்பு கைவிளக்காகிறது. எடுப்பதோடு நில்லாது எடுத்துரைப்பதே வலையத்தின் உயிர்.

புதியவர் தொடங்கும் முறை

'மூத்தவர்கள் இருக்குமிடத்தில் நான் என்ன எழுதுவது?' என்று இளம் ஆசிரியர் தயங்குவது இயல்பு. ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்னும் அறிஞர் இருவர் 1991இல் வெளியிட்ட நூலில் இதற்கொரு விடை உண்டு. ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் தையற்காரரிடம் தொழில் பழகும் சிறுவர்கள், முதலில் பொத்தான் தைத்தல், ஓரம் மடித்தல் போன்ற இறுதி வேலைகளையே செய்கின்றனர். பின்னர் துணிகளை இணைத்துத் தைக்கவும், அதன்பின் துணி வெட்டவும் கற்கின்றனர். ஓரத்தில் பிழை நேர்ந்தால் பிரித்துத் தைக்கலாம். வெட்டில் பிழை நேர்ந்தால் துணியே வீணாகும். சிறு வேலையானாலும் அது உண்மையான வேலை என்பது கருதத்தக்கது.

வலையத்திலும் இவ்வரிசையைப் பின்பற்றலாம்.

1. முதல் மாதம், ஐந்தாறு ஆசிரியர் எழுதுவதைத் தொடர்ந்து படித்து, எவருடைய சொல் வகுப்பறையிலிருந்து பிறக்கிறது என்பதை அறிக. பெரிய குழுக்கள் பலவற்றினும் சிறிய குழு ஒன்று மேலானது.

2. பிறருடைய குறிப்பைத் தம் வகுப்பில் செய்து பார்த்து, நேர்ந்ததை இரண்டு வரிகளில் எழுதுக. இதுவே ஓரம் மடிக்கும் வேலை.

3. அடுத்து, தம் வினாவை மேலே கண்டவாறு விளக்கமாகக் கேட்க.

4. நன்கு தேர்ந்தபின், தாம் வகுத்த பாடக்குறிப்பு ஒன்றைப் பிறர் திருத்தத்திற்கு முன்வைக்க.

காக்க வேண்டியவை

முதலாவதாக, குழந்தையின் மானம். பிழையுள்ள விடைத்தாளைப் படமெடுத்து அனுப்பும்போது பெயரும் முகமும் பள்ளியும் தெரியாதவாறு மறைத்தல் வேண்டும். நகைப்பிற்காக எந்தக் குழந்தையின் எழுத்தும் குழுவில் வலம் வருதல் கூடாது.

இரண்டாவதாக, உண்மை. ஆயிரம் பேர் பகிர்ந்ததால் ஒரு செய்தி மெய்யாகி விடாது. பாடநூலோடும் அரசாணையோடும் ஒப்பிட்டுப் பார்த்தபின் ஏற்பதே முறை. பிறருடைய ஆக்கத்தைப் பகிரும்போது அவர் பெயரையும் குறிப்பிடுதல் வேண்டும்.

மூன்றாவதாக, காலம். நாள் முழுதும் ஒலிக்கும் கைபேசி கல்வியைத் தராது, களைப்பையே தரும். வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம் என வரையறுத்துக் கொள்வது போதும்.

நான்காவதாக, குறிப்பேடு. முன்னர்க் கூறிய 'டேப்டு இன்' 2013இல் மூடப்பட்டது. தளங்கள் தோன்றும், மறையும். கற்றதைத் தம் கையால் எழுதிவைத்த ஆசிரியர்க்கு இழப்பில்லை.

வலையம், நேரில் காணும் உதவிக்கு ஈடாகாது என்பதையும் மறத்தலாகாது. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்னும் கல்வி ஆய்வாளர்கள், விரிவுரை கேட்டதனால் மட்டும் புதிய முறை வகுப்பறையை எட்டுவது அரிது என்றும், செய்து பழகுவதும் உடன்பணியாற்றுவோரின் துணையும் வேண்டும் என்றும் 1980களில் எடுத்துக்காட்டினர். அடுத்த அறையின் ஆசிரியரை மாதம் ஒருமுறை தம் வகுப்பிற்கு அழைத்துக் காணச் செய்பவர்க்கு, இணையத்தில் கிடைப்பது இருமடங்கு பயன்படும்.

இல்லத்தார்க்கு ஒரு சொல்

மாலையில் கைபேசியோடு அமர்ந்திருக்கும் மருமகளைக் காணும் மாமியார், அவர் பொழுதைப் போக்குகிறார் என்று எண்ணிவிடுதல் கூடாது. அது அவருடைய பாட வேளையாக இருக்கலாம். அந்த அரை மணி நேரத்தில் அடுப்பையும் குழந்தையையும் பிறர் பார்த்துக்கொண்டால், ஒரு வகுப்பின் முப்பது குழந்தைகளுக்கு அது நன்மையாகும். பெண் ஆசிரியர்கள், அதிகாரிகளும் ஆடவரும் நிறைந்த பெருங்குழுக்களில் வாய் திறக்கத் தயங்குவதுண்டு. அவர்கள் நான்கைந்து பேராகச் சிறு குழு அமைத்துத் தொடங்கலாம்.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் இதில் பங்கு கொள்ளலாம். கரும்பலகையின் முன் முப்பதாண்டு நின்றவர்க்கு, குழந்தைகள் எவ்விடத்தில் தடுக்கி விழுவர் என்பது தெரியும். அவ்வறிவு அவர்களோடு மறைந்து போகாமல், கேட்கும் இளைஞர்க்குச் சென்று சேர இக்கருவி துணை செய்கிறது. கட்டளையிடாது, 'இவ்வாறு செய்து பாருங்கள்' என்று கூறினால் போதும்.

பயிற்சி

1. தங்கள் வகுப்பில் ஒரு குழந்தை மீண்டும் மீண்டும் செய்யும் பிழை ஒன்றைக் குறித்து, பெயர் சுட்டாமல் ஐந்து வரிகளில் வினாவாக எழுதுக.

2. கடந்த ஒரு மாதத்தில் தங்கள் கைபேசிக்கு வந்த கல்விச் செய்திகளுள், வகுப்பில் செய்து பார்த்தவை எத்தனை? எண்ணிக் காண்க.

3. அவற்றுள் ஒன்றன் பயனையோ பயனின்மையையோ எழுதி, அனுப்பியவர்க்குத் தெரிவிக்க.

மூன்றாவதைச் செய்து முடிக்கும் ஆசிரியர், நன்னூல் கூறிய அரைப் பங்கினுள் அடியெடுத்து வைத்தவராவார்.