தங்கும் உரிமை

திருவாரூரில் 1883இல் பிறந்து, மயிலாடுதுறையை அடுத்த மூவலூரில் வளர்ந்தவர் இராமாமிர்தம் அம்மையார். வறுமையின் காரணமாகச் சிறுவயதிலேயே தேவதாசிக் குடும்பம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டவர். சிறுமியரைப் பரத்தமைக்காக விற்பதையும் வாங்குவதையும் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் முன்னரே குற்றமாக்கியிருந்தது. ஆயினும், பொட்டுக்கட்டுதல் கோவில் சடங்காகக் கருதப்பட்டதால் அங்கே நிகழ்ந்த கொடுமை குற்றமாகவே பலர் கண்ணுக்குப் படவில்லை. ஏட்டில் சட்டம் இருந்தது. சிறுமிக்கு அது எட்டவில்லை.

அம்மையார் அவ்வாழ்க்கையை மறுத்து வெளியேறினார். ஊர் ஊராகச் சென்று அவ்வழக்கத்தை எதிர்த்துப் பேசினார். தாம் கண்டவற்றை 1936இல் 'தாசிகள் மோசவலை' என்னும் புதினமாக்கினார். அதே காலப்பகுதியில் சென்னைச் சட்டமன்றத்தில் போராடியவர் மருத்துவர் முத்துலெட்சுமி அம்மையார். அவரது முயற்சியால் 1929இல் வந்த சட்டத்திருத்தம் இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. தேவதாசியர் பலர் கோவில் பணிக்காக அளிக்கப்பட்ட மானிய நிலத்தை நம்பி வாழ்ந்தனர். பணியை விட்டால் நிலமும் போய்விடும். இத்திருத்தம் நிலத்தையும் பணியையும் பிரித்தது. பணியிலிருந்து விடுபட்ட பின்னும் நிலம் அப்பெண்ணிடமே இருக்க வழிசெய்தது. பொட்டுக்கட்டுதலை முழுமையாகத் தடைசெய்த சட்டம் 1947இல்தான் வந்தது. தடைக்கு முன்பே பிழைப்புக்கு வழி தேடிய அந்த வரிசையில் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. போக்கிடம் இல்லாதவரிடம் 'வெளியே வா' என்று சொல்வதில் பயனில்லை அல்லவா?

இல்லத்துக்குள் நிகழும் வன்முறையிலும் இதே சிக்கல் உண்டு. கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமை 1983இல் தனிக் குற்றமாக்கப்பட்டது. ஆனால், புகார் அளித்த பெண் அன்றிரவு எங்கே உறங்குவாள் என்னும் கேள்விக்கு அதில் விடை இல்லை. 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அவ்விடையைத் தந்தது. அடிப்பது மட்டுமன்றி, பாலியல் கொடுமை, இழிசொல், மனத்துன்பம், பொருளைப் பறித்தல் ஆகியவையும் வன்முறையே என அது வகுத்தது. நடவுக்கூலியைப் பிடுங்கிக்கொள்வதும் இதனுள் அடங்கும். எல்லாவற்றினும் முதன்மையானது, வாழ்ந்துவரும் வீட்டில் தொடர்ந்து தங்கும் உரிமை.

அவ்வுரிமைக்கும் விரைவிலேயே தடை நேர்ந்தது. மாமியாருக்குச் சொந்தமான வீட்டில் மருமகள் தங்கும் உரிமை கோர இயலாது என 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாமனார் இருக்கும்வரை பட்டா அவர் பெயரிலேயே இருக்கும் குடும்பங்கள் தஞ்சை வட்டாரச் சிற்றூர்களில் எத்தனையோ! அங்கெல்லாம் சட்டம் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. வீடு கணவனின் உறவினர் பெயரில் இருப்பினும், அப்பெண் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் தங்கும் உரிமை கோரலாம் என்றது. எனினும் இது சொத்துரிமை அன்று. முதியோரான மாமனார் மாமியாரின் அமைதியையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளும். தேவையெனில் வேறு வீடோ அதற்குரிய வாடகையோ அளிக்குமாறு ஆணையிடும்.

பாதிக்கப்பட்டவர் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ நீதித்துறை நடுவரிடம் மனு அளிக்கலாம். பெண்களுக்கு, வருமானம் எதுவாயினும், சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும். முதல் விசாரணை பொதுவாக மூன்று நாள்களுக்குள் தொடங்க வேண்டும். அறுபது நாள்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆணையின் படி ஒன்று அப்பெண்ணின் கைக்கும் மற்றொன்று அவ்வூர்க் காவல் நிலையத்திற்கும் கட்டணமின்றிச் சேர வேண்டும்.