குற்றவாளியா, சுற்றவாளியா? ஓர் எழுத்தில் இருக்கிற வித்தியாசம்



விடியக்காலை நாலரை மணிக்கு மலையகத்து பஸ் யாழ்ப்பாணத்தில் ஆளை இறக்கிவிட்டுப் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலைக்கு வரச்சொன்ன கடை எட்டரைக்குத்தான் திறக்கும். நம் லயத்துப் பிள்ளை பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு பூட்டிய கடையொன்றின் விறாந்தையில் சாய்கிறான். பொலிஸ்காரர் வந்து தட்டி எழுப்புகிறார்.

"எங்கயிருந்து வாறாய்? இங்க என்ன வேலை?"

பயத்தில் பையனுக்கு நாக்கு எழவில்லை. "சும்மாதான் சார் இருந்தேன்" என்கிறான்.

அந்தச் "சும்மா"தான் வம்பு. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு நம் சொந்தபந்தம் பல வன்னியில் குடியேறிவிட்டது. வேலைக்கும், நல்லூர்த் திருவிழாவுக்கும், துக்கம் விசாரிக்கவும் வடக்கே போய்வருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆகவே இந்த மாதப் பாடம், தெருவில் நின்றதற்கு வழக்கு வந்தால் என்ன செய்வது என்பது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இப்படி நிற்பவர்கள் மேல் பொலிஸார் வழக்கமாகப் போடுவது அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். அது 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம். நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தே வந்துகொண்டிருந்த காலம் அது. அதே ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் எது தெரியுமா? ஒப்பந்தத்தை முறித்து வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்த சட்டம். வேலையை விட்டுப் போனால் ஐந்தாம் இலக்கம், வேலையில்லாமல் தெருவில் திரிந்தால் நாலாம் இலக்கம். ஐந்து எப்போதோ ஒழிந்துபோனது. நாலு நம் காலம்வரை வந்துவிட்டது.

ஆனால் அந்தப் பழைய சட்டமுங்கூட வெறுமனே நிற்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. உழைக்கத் தெம்பிருந்தும் உழைக்க மறுத்துப் பொது இடத்தில் பிச்சை எடுப்பது, தெருவில் அசிங்கமாக நடப்பது போன்றவற்றைத்தான் அது குற்றமாக்குகிறது. விறாந்தையில் படுத்தவன் சங்கதிக்கு வேறு பிரிவு உண்டு. சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் படுத்திருக்க வேண்டும், பிழைப்புக்கு வழி ஏதும் தெரியாதவனாக இருக்க வேண்டும், தான் யார், ஏன் வந்தேன் என்று சரியான விளக்கம் சொல்லாதவனாகவும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் குற்றம். நம் பிள்ளையிடம் கடைக்காரரின் தொலைபேசி இலக்கம் இருக்கிறது, பஸ் டிக்கட்டும் இருக்கிறது. அதைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். "ராத்திரி பஸ்ஸில் வந்தேன், இந்தக் கடைக்கு வேலைக்கு வந்திருக்கிறேன்" என்று இரண்டு வரி தெளிவாகச் சொன்னால் மூன்றாவது கால் முறிந்துவிடும். அடையாள அட்டையை எப்போதும் கையோடு வைத்திருங்கள்.

பிடித்துக்கொண்டு போனால் மல்லுக்கு நிற்க வேண்டாம், ஓடவும் வேண்டாம். ஏன் பிடிக்கிறார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். காரணத்தைச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையும் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும் அதைச் சொல்கின்றன. இப்படிப்பட்ட சாதாரண வழக்கில், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்கு மேல் தடுத்து வைக்க முடியாது. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதியிருந்தால், தமிழில் வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். "சும்மா ஒரு சைன் வையும் தம்பி" என்பார்கள். அந்தச் சும்மாவும் நமக்கு வேண்டாம்.

"இந்தா, இங்கேயே தண்டப்பணத்தைக் கட்டிவிட்டுப் போ" என்றால்? துண்டு எழுதித் தந்து தபாற்கந்தோரில் கட்டும் தண்டம் வாகனக் குற்றங்களுக்கு உரியது. அலைந்து திரிந்ததற்குத் தண்டனை விதிக்க நீதவானுக்கு மட்டுந்தான் அதிகாரம். தெருவில் கைக்குக் கை மாறும் காசுக்கு ரசீதும் கிடையாது, சட்டமும் கிடையாது.

மாநகரசபை உபவிதி என்று சொன்னாலும் எந்த உபவிதி, வர்த்தமானியில் வந்ததா என்று கேட்கலாம். இது வாய்க்கொழுப்பு இல்லை. 2021 ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். யாழ். மாநகரசபை, குப்பை போடுகிறவர்களையும் தெருவில் துப்புகிறவர்களையும் கவனிக்க ஐந்து பேரைச் சீருடையோடு இறக்கியது. அந்தச் சீருடை புலிகளின் காவல்துறை உடுப்பைப் போல இருக்கிறது என்று சொல்லி, 9ஆம் திகதி மேயர் மணிவண்ணனையே பயங்கரவாத விசாரணைப் பிரிவினர் கைது செய்தார்கள். அன்றைக்கே நீதிமன்றம் அவரைப் பிணையில் விட்டது. தண்டம் அறவிட யாருக்கு அதிகாரம் என்பதில் பெரிய இடத்திலேயே இத்தனை இழுபறி! ஒரு தொழிலாளி "நீங்கள் யார் ஐயா, எந்தச் சட்டம்?" என்று கேட்பதில் என்ன தப்பு? ஆனால் உண்மையிலேயே வெற்றிலையைத் துப்பியிருந்தால் தண்டத்தைக் கட்டிவிடுங்கள். அதற்கு வாதாட நான் சொல்லமாட்டேன்.

இனி நீதிமன்றம். குற்றச்சாட்டை வாசித்துவிட்டு, குற்றவாளியா, சுற்றவாளியா என்று கேட்பார்கள். சுற்றவாளி என்றால் குற்றம் செய்யாதவர். நம் தோட்டத்துப் பேச்சில் இந்தச் சொல் இல்லை. கூட்டத்தில், பயத்தில், கு எது சு எது என்று காதில் விழாமலே "ஆமாங்க ஐயா" என்று தலையாட்டிவிட்டால் வழக்கு அந்த நிமிடமே முடிந்தது. தண்டம் சின்னதுதான். பிச்சைப் பிரிவுக்கு அந்தக் காலத்தில் எழுதிய உச்சத்தொகை பத்து ரூபா. கூடவே 14 நாள்வரை சிறை என்றும் அதில் இருக்கிறது. பத்து ரூபாவைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். குற்றவாளி என்ற தீர்ப்பு பெயரோடு பதிவாகும். நாளைக்கு வெளிநாட்டு வேலைக்கென்று பொலிஸ் நற்சான்றுப் பத்திரம் கேட்கும்போது அது தலைநீட்டலாம். தானே ஒப்புக்கொண்டவர் மேன்முறையீட்டுக்குப் போகும் வழியும் பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

சுற்றவாளி என்று சொன்னால் வேறு தவணை போடுவார்கள். மறுபடி பஸ் செலவு, இரண்டு நாள் பேர் போகும், துரையிடம் லீவு கேட்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் பலர் ஒப்புக்கொண்டுவிட்டு வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இன்னொரு வழியும் உண்டு. விஷயம் அற்பமானது என்று நீதவான் கருதினால், குற்றத்தீர்ப்பு எழுதாமலே விடுவிக்க அதே சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு இடம் தருகிறது. சட்டத்தரணி மூலம் அதைக் கேட்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைத் தேடிப் போங்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏழைகளுக்கென்றே அமைத்தது அது. யாழ்ப்பாணத்திலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது.

இப்படி நின்று வாதாடியவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் சிக்காகோ நகரசபை 1992இல் ஒரு விதி போட்டது. குழுச் சண்டைக்காரர் என்று பொலிஸார் சந்தேகிக்கும் ஒருவரோடு காரணமில்லாமல் ஓரிடத்தில் நின்று, கலையச் சொன்னபின்னும் கலையாவிட்டால் குற்றம். மூன்று வருடத்தில் 42,000க்கு மேற்பட்ட கைதுகள். பிடிபட்டவர்கள் ஒப்புக்கொள்ளாமல் வழக்காடினார்கள். எது காரணம், எது காரணமில்லை என்று பொலிஸ்காரர் தன் இஷ்டத்துக்குத் தீர்மானிக்க விடுகிற விதி செல்லாது என்று 1999இல் அந்த நாட்டு உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

யாழ்ப்பாண நீதிமன்றத்தின் மொழி தமிழ். விளங்காவிட்டால் "ஐயா, விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று கூண்டில் நின்றே கேட்கலாம். வாதாடித் தோற்றுப்போனால் மேன்முறையீட்டுக்கு 14 நாள் உண்டு. தீர்ப்புச் சொன்ன திகதியை அன்றைக்கே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தவணைத் திகதி எழுதிய துண்டையும் பஸ் டிக்கட்டையும் அதோடு சேர்த்து மடித்து வையுங்கள்.