பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் எங்கே?

பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விட்டுடுது. நாம் வேலை முடிந்து வீடு திரும்ப ஆறு, ஏழு ஆகிறது. அதுவரை பிள்ளை எங்கேன்னு நமக்கே தெரியாது.

1860-ல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்துப் பெண்கள் மூன்று பேர், தெருவில் சுற்றிய பையன்களுக்காக மன்றம் தொடங்கினார்கள். மற்ற நகரங்களிலும் மன்றங்கள் வந்தன. 1906-ல் 53 மன்றங்கள் பாஸ்டனில் கூட்டமைப்பாக இணைந்தன, நம்ம குழுக்கள் சேர்ந்த மாதிரிதான்! ஆனால் அதன் பெயரில் பெண்பிள்ளைகள் இடம்பெற்றது 1990-ல்தான். நாம் முதல் நாளே இருவரையும் சேர்ப்போம்.

தேவை மூன்று:
1. குழு கூடும் இடம்
2. பாடம் சொல்லித்தர படித்த ஒரு பெண்
3. முறைவைத்துப் பார்த்துக்கொள்ள தினம் இரண்டு உறுப்பினர்

அடுத்த கூட்டத்திலேயே பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோமா?