காசநோய்க் கிருமி எதை உண்டு உயிர் வாழ்கிறது?

காசநோய்க்கு மருந்து உட்கொள்ளத் தொடங்கி இரண்டு மாதங்கள் ஆனதும் பெரும்பாலோருக்கு இருமல் தணிகிறது, காய்ச்சல் விடுகிறது, பசி திரும்புகிறது. "உடம்பு தேறிவிட்டதே, இன்னும் நான்கு மாதம் மாத்திரை எதற்கு?" என்னும் ஐயம் அப்போது எழுவது இயல்பு. அதற்கான விடையின் ஒரு பகுதி, கிருமியின் மரபணுவில் உள்ளது.

நுரையீரலுக்குள் நுழையும் காசநோய்க் கிருமியை நம் உடலின் காவல் அணுக்கள் விழுங்குகின்றன. ஆயினும் அது எளிதில் சாவதில்லை. சர்க்கரைச் சத்து அரிதான அவ்விடத்தில், அந்த அணுவில் உள்ள கொழுப்பையே உணவாக்கிக்கொள்கிறது. கொழுப்பை வழக்கமான வழியில் எரித்தால் ஆற்றல் கிடைக்கும்; ஆனால் அதிலுள்ள கரிமம் கரியமில வாயுவாகக் கழிந்துவிடும்; புதிய உடற்பொருள் ஆக்க மிஞ்சாது. இந்த இழப்பைத் தவிர்க்கும் குறுக்குவழி ஒன்று கிருமியிடம் உண்டு. அதைத் திறந்துவிடுவது 'ஐசோசிட்ரேட் லையேஸ்' என்னும் நொதி. ஆமணக்கு விதை முளைக்கும்போது அதன் எண்ணெய் சர்க்கரையாக மாறுவதற்கும் இந்நொதியே துணைசெய்கிறது. மனித உடலில் இது இல்லை.

கிருமியில் இந்நொதிக்கான மரபணுக்கள் இரண்டு உள்ளன. 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், அவற்றுள் ஒன்று நீக்கப்பட்ட கிருமி, எலிகளில் தொடக்கத்தில் வழக்கம்போலப் பெருகியது. நோய் நீடிக்கும் கட்டத்திலோ நிலைத்திருக்க இயலாமல் குறைந்தது. 2005இல் இரண்டையும் நீக்கிப் பார்த்தபோது, அக்கிருமியால் எலியின் நுரையீரலில் வளரவே முடியவில்லை.

இந்நொதியைத் தடுக்கும் மருந்து இன்னும் சிகிச்சைக்கு வரவில்லை. எனினும், அறிகுறி ஏதுமின்றிக் கிருமி உடலில் தங்கியிருக்க வல்லது. விரைந்து பெருகும் கிருமிகள் மருந்துக்கு எளிதில் மடியும். மெல்ல இயங்குபவை மெல்லவே மடியும். முதல் இரண்டு மாத மருந்துகள் பெரும்பாலான கிருமிகளை அழிக்கின்றன. எஞ்சியவற்றுக்காகவே அடுத்த நான்கு மாதங்கள். இடையில் நிறுத்தினால் அவை மீண்டும் பெருகும். விட்டுவிட்டு உட்கொண்டால் மருந்துக்குக் கட்டுப்படாதவையாகவும் மாறக்கூடும்.

கிருமி கொழுப்பை உண்கிறது என்பதற்காக எண்ணெய், முட்டை, நிலக்கடலை ஆகியவற்றை ஒதுக்க வேண்டாம். அதனால் கிருமி பட்டினி கிடக்காது, நோயாளிதான் மெலிவார். சத்தான உணவு, நோயை எதிர்க்கும் வலிமையைத் தரும்.

சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறமே, அஞ்ச வேண்டாம். கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே எங்களிடம் வாருங்கள். எந்த மருந்தை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். வீட்டிலுள்ளோர் நாள்தோறும் மாத்திரையை நினைவூட்டுங்கள். இருமல் நின்ற பின்னரும் நினைவூட்டுங்கள்.