நகரோர நிலத்தை விற்கும் முன்

நகரங்கள் விரிய விரிய ஓரத்து வயல்களுக்கு வீட்டுமனைக்காரர்கள் நல்ல விலை தருகிறார்கள். அங்கே அரை ஏக்கரைக் கொடுத்துவிட்டு உள்ளே தள்ளி இரண்டு ஏக்கர் கிணற்றோடு வாங்கலாம் என்று கணக்குப் போடும் விவசாயி, மூலதன ஆதாய வரியை மறந்துவிடுகிறார். விளைச்சல் வருமானத்திற்கு வருமான வரி கிடையாது. அதனால் நிலம் விற்ற பணத்திற்கும் கிடையாது என்ற எண்ணம் கிராமங்களில் பரவலாக உள்ளது. இது பாதிதான் சரி.

ஊர்ப்புற விவசாய நிலத்தை விற்றால் இந்த வரி இல்லை. பத்தாயிரமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் உண்டு. எல்லைக்கு வெளியே இருந்தாலும், நகரின் மக்கள்தொகை 1 லட்சம் வரை என்றால் 2 கி.மீ., 10 லட்சம் வரை என்றால் 6 கி.மீ., அதற்கு மேல் 8 கி.மீ. தூரத்திற்குள் உள்ள நிலத்திற்கு வரி உண்டு. இத்தூரத்தைச் சாலை வழியாக அளப்பதில்லை. பறவை பறக்கும் நேர்க்கோட்டில் அளக்கிறார்கள். பஸ்ஸில் 9 கி.மீ. போகிற வயல் நேர்க்கோட்டில் 5 கி.மீ.யாக இருந்துவிடக்கூடும்.

வரி விழும் நிலமானாலும் வழி உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 54-பி என்று வழங்கிய பிரிவின்படி, விற்ற நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால், அதற்குச் செலவான அளவு ஆதாயத்திற்கு வரி இல்லை. (2025-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் பிரிவு எண் மாறியுள்ளது.) விற்ற தொகை முழுவதையும் போட வேண்டியதில்லை, ஆதாயத்தைப் போட்டால் போதும்.

40 லட்சத்துக்கு விற்ற நிலத்தின் 1-4-2001 மதிப்பு 4 லட்சம் என வைத்துக்கொள்ளலாம். ஆதாயம் 36 லட்சம். 12.5 சதவீதத்தில் வரி நாலரை லட்சம், மேல்வரி தனி. 24 லட்சத்துக்கு நிலம் வாங்கினால் மீதி 12 லட்சத்துக்கு மட்டும் வரி. ஒன்றரை லட்சத்தோடு போகும்.

நிபந்தனை ஒன்று பலரைத் தடுக்கிறது. விற்பதற்கு முந்தைய 2 ஆண்டுகளில் உரிமையாளரோ அவருடைய பெற்றோரோ அங்கே பயிர் செய்திருக்க வேண்டும். பிறருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தால் சலுகை கேட்பது கடினம். தரிசாகப் போட்டிருந்தாலும் அப்படியே. அடங்கலில் பயிர் பதிவாகியுள்ளதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். உர ரசீதும் விளைபொருள் விற்ற சீட்டும் அப்போது உதவும். டவுனில் வாடகைக்கு விட்ட வீட்டை விற்று வயல் வாங்குவோருக்கு இச்சலுகை பொருந்தாது. அந்த ஆதாயத்திற்கு வேறு வீடுதான் வாங்க வேண்டும் அல்லது கட்ட வேண்டும்.

நல்ல நிலம் உடனே அமைவதில்லை. வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள், அதாவது பெரும்பாலோருக்கு ஜூலை 31-க்குள், வாங்கி முடியாவிட்டால் மீதிப் பணத்தை மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் போட்டுவிட வேண்டும். சாதாரணச் சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணம் இதில் சேராது. கிராமக் கிளைகளில் இக்கணக்கு தொடங்க முடியாது. டவுன் கிளைக்குப் போக வேண்டும். எடுத்த பணத்தை 60 நாட்களுக்குள் நிலத்திற்குச் செலவிட வேண்டும். 2 ஆண்டு முடிந்தும் கணக்கில் மிஞ்சிய தொகைக்கு அந்த ஆண்டில் வரி விழும். வாங்கிய நிலத்தை 3 ஆண்டுகளுக்குள் விற்றால், தப்பிய வரி திரும்ப வரக்கூடும்.