மறதி வந்த வீட்டாருக்கு ஒரு மருந்துக்கடைக்காரனின் சொல்

பேலியகொடையில் பாமசி நடத்திய நாளிலும் கடையை மகனிடம் விட்ட பிறகும் என்னிடம் வருகிற கேள்வி இதுதான்: "அங்கிள், அம்மாவுக்கு மறதி கூடிவிட்டது. நைட்ரிக் ஒக்சைட் பவுடர் மூளைக்கு நல்லதாமே, கொடுக்கலாமா?" புதிதாகப் பராமரிக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கு என் பதில் இது.

1. பவுடருக்கு முன் டாக்டர். தைரொயிட் குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்கக் குளிசை, இவையும் மறதியைத் தரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்து ராகமையில் 65 வயதைத் தாண்டியவர்களிடம் நடத்தி 2003இல் வெளியான ஆய்வில், மறதிநோய் இருந்தது நூற்றுக்குச் சுமார் 4 பேருக்குத்தான்.

2. நைட்ரிக் ஒக்சைட் பொய்யில்லை. இரத்தக்குழாயின் உட்சுவர் ஆர்ஜினினிலிருந்து அதை உண்டாக்குகிறது. சில வினாடிகளே நிற்கும். அதற்குள் குழாயைத் தளர்த்தி இரத்தத்துக்கு வழிவிடும். இதைக் கண்டறிந்த பேர்ச்கொட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. மூளை நரம்பணுக்களும் இதைச் சுரக்கின்றன. உழைக்கிற பகுதிக்கு இரத்தம் கூடுதலாகப் போவதில் இதற்குப் பங்குண்டு. பிரஷரும் சீனியும் சிகரெட்டும் உட்சுவரைக் கெடுத்தால் சுரப்பு குறையும், மூளையின் சிறு குழாய்கள் பழுதாகும். ஆனால் அழற்சியில் அளவு மீறிச் சுரந்தால் அது சுப்பரொக்சைட் என்ற மூலக்கூறோடு சேர்ந்து நரம்பணுவையே கொல்லும் நஞ்சாகிறது. ஆகவே கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் நன்மை என்ற கணக்கு இங்கே செல்லாது.

3. ஆராய்ச்சி எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். மூளையின் சிறு குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்த 363 பேரிடம் பிரித்தானியாவில் நடந்த லாசி-2 ஆய்வு 2023இல் வெளியானது. உடலில் நைட்ரிக் ஒக்சைட்டைத் தருகிற, நெஞ்சுவலிக்குக் கொடுக்கிற பழைய ஐசோசோர்பைட் மோனோநைட்ரேட்டை ஓராண்டு எடுத்தவர்களிடம் சிந்தனைத் தளர்ச்சி குறைவாகத் தெரிந்தது. எனக்கும் நம்பிக்கை தருகிற செய்திதான். ஆனாலும் அது முன்னோட்டம். இதற்கு முன், பக்கவாதம் வந்த சூட்டில் அதே வகை மருந்தான கிளிசரைல் ட்ரைநைட்ரேட் ஒட்டுப்பட்டை போட்டு 23 நாடுகளில் 4,011 பேரிடம் பார்த்தார்கள். பிரஷர் இறங்கியது, நோயாளிகள் அதனால் மேலாகத் தேறவில்லை.

4. அப்பாவின் நெஞ்சுவலிக் குளிசையை அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள். எழும்பி நிற்கும்போது பிரஷர் சட்டென்று விழும், ஆளும் விழுவார். ஆண்மைக்குறைவுக்குக் கொடுக்கிற சில்டெனபிலோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

5. நைட்ரிக் ஒக்சைட்டைச் சாப்பாட்டின் வழியே தாராளமாகக் கொடுங்கள். மேனிங் சந்தை இப்போது நம் வாசலில்; பீட்ரூட்டும் கீரையும் மலிவாக எடுக்கலாம். அவற்றிலுள்ள நைட்ரேட்டை நாக்கில் வாழும் பக்டீரியா நைட்ரைட்டாக்கும், அது உடலில் நைட்ரிக் ஒக்சைட்டாகும். குளோர்ஹெக்சிடின் மவுத்வொஷ் அந்தப் பக்டீரியாவைக் கொன்றுவிடும். காரணமில்லாமல் தினமும் கொப்பளிக்க வைக்காதீர்கள். சிறுநீரக நோயாளியும் இரத்தம் உறையாமலிருக்க வோர்பரின் எடுப்பவரும் டாக்டரைக் கேட்டே கீரையைக் கூட்டவேண்டும். ஆனால் போன நினைவை இந்தச் சாப்பாடு திருப்பித் தராது.

6. மூளையின் சிறு குழாய்களைக் காக்க, பிரஷர் குளிசையை ஒரு நாளும் தவறவிடாதீர்கள்.

7. தனியே சுமக்காதீர்கள். மருதானையில் லங்கா அல்சைமர் பவுண்டேஷன் இருக்கிறது, பராமரிப்பவர்களுக்கும் வழிகாட்டுகிறார்கள். பவுடர் டின்னுக்கு வைத்த காசில் பஸ் எடுத்து, இந்தக் கிழமையே ஒருமுறை போய் வாருங்கள்.